கால் எரிச்சலுக்கு எந்த வைட்டமின்? பி12, பி1, பி6, லிபோயிக் அமிலம்: ஓர் ஒப்பீடு

நரம்புக்கு எந்த வைட்டமின் நல்லது என்று யார் கேட்டாலும் நான் முதலில் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: ரத்தத்தில் பி12 அளவு பார்த்தாச்சா? பெரும்பாலும் இல்லை என்றுதான் பதில் வரும். ஆனால் கையில் ஏற்கெனவே ஒரு மாத்திரைப் பட்டை இருக்கும். பெயரில் ‘நியூரோ’ என்று ஏதாவது ஒட்டியிருக்கும், பின்பக்கம் பத்துப் பன்னிரண்டு சத்துகளின் பட்டியல் இருக்கும். பாதம் எரிகிறது, விரல்கள் மரத்துப்போகின்றன, ராத்திரி போர்வை பட்டாலே வலிக்கிறது என்ற நிலையில் யாரும் உட்கார்ந்து ஆராய்ந்துகொண்டிருக்க மாட்டார்கள். கிடைத்ததை வாங்கி விழுங்கத்தான் தோன்றும். எனக்கும் இந்தக் கால் எரிச்சல் உண்டு என்பதால் அந்த அவசரம் நன்றாகவே புரிகிறது.

இருந்தும் மாத்திரைகளை ஒன்றோடொன்று ஒப்பிடுவதற்கு முன்னால், உடம்பில் என்ன குறைகிறது என்று தெரிந்தாக வேண்டும். வறண்ட வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சினால் பயிர் நிமிரும். நிரம்பி நிற்கிற வயலுக்கு மேலும் மேலும் பாய்ச்சினால் வேர் அழுகும். வைட்டமின் பி12, பி1 இரண்டும் குறைந்திருந்தால் அவற்றைக் கொடுப்பது முழுச் சிகிச்சை. குறையில்லாதவருக்கு அதே மாத்திரை, கிடைத்தால் ஒரு சின்ன உதவி. பி6 விஷயத்தில் அளவு மிஞ்சினால் அதுவே இந்த நோயை உண்டாக்கும். கீழே சொல்லப்போகும் எல்லாவற்றையும் இந்த அடிப்படையில்தான் எடை போட்டிருக்கிறேன்.

காரணம் தெரியாமல் மாத்திரை தெரிந்து என்ன பயன்

மூளையையும் தண்டுவடத்தையும் விட்டு வெளியே வந்து கைகால்களுக்குப் போகும் நரம்புகள் கெடுவதைத்தான் புற நரம்பு பாதிப்பு, அதாவது பெரிஃபெரல் நியூரோபதி என்கிறோம். மிக நீளமான நரம்புகள் பாதத்துக்குப் போகின்றன. அதனால் பெரும்பாலும் கோளாறு கால்விரல் நுனியில் தொடங்கி, காலுறை போட்ட மாதிரி மேலே ஏறி, முழங்கால் பக்கம் வரும்போது கைவிரல்களிலும் தலைகாட்டும். சிலருக்கு எரிச்சல், சிலருக்கு எறும்பு ஊர்வது போல, சிலருக்குப் பஞ்சின் மேல் நடப்பது போல. வலியே இல்லாமல் வெறும் மரப்பு மட்டும் உள்ளவர்களும் உண்டு.

காரணங்களில் முதலிடம் சர்க்கரை நோய்க்கு. அப்புறம் பி12 குறைவு, நீண்டகால மதுப்பழக்கம், தைராய்டு குறைவு, சிறுநீரகக் கோளாறு, தொழுநோய், எச்ஐவி, ரத்தத்தில் ஒருவகைப் புரதம் அளவுக்கு மீறிச் சுரப்பது, பரம்பரை நோய்கள் என்று பட்டியல் நீளம். மருந்துகளும் இதில் உண்டு. வின்கிறிஸ்டின், பாக்லிடாக்செல், சிஸ்பிளாட்டின் போன்ற புற்றுநோய் மருந்துகள், காசநோய்க்கான ஐசோனியாசிட், நெடுநாள் எடுக்கும் மெட்ரோனிடசோல் எல்லாம் நரம்பைத் தொடும். அமெரிக்க நரம்பியல் மருத்துவர்களின் அமைப்பு 2009இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், காரணத்தைக் காட்டிக்கொடுக்கும் வாய்ப்பு அதிகமுள்ள ரத்தப் பரிசோதனைகள் என்று மூன்றைக் குறிப்பிட்டது: சர்க்கரை, பி12 (தேவையானால் அதன் துணைப் பரிசோதனைகளோடு), ரத்தப் புரதப் பரிசோதனை. வைட்டமின் வாங்கும் முன் இந்த மூன்றையும் பார்த்துவிடுங்கள். தைராய்டும் சிறுநீரகமும் கூடவே வந்துவிடும்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். சில நாட்களிலேயே கால் பலவீனம் மேலே ஏறி வருகிறது, மாடிப்படி ஏற முடியவில்லை, மூச்சு வாங்குகிறது, சிறுநீர் கட்டுப்பாடு போகிறது என்றால் இந்தக் கட்டுரையை மூடிவிட்டு உடனே மருத்துவமனைக்குப் போங்கள். அது வைட்டமின் பேசும் நேரமில்லை.

பி12: நிரூபிக்கப்பட்டது, ஆனால் குறைந்தவருக்கு

நரம்பைச் சுற்றியிருக்கும் மயலின் உறை நல்லபடியாக இருக்க பி12 வேண்டும். அது குறைந்தால் பாத நரம்பு மட்டுமில்லாமல் தண்டுவடமும் சேர்ந்து கெடும். கண்ணை மூடி நின்றால் தள்ளாடுவதும், இருட்டில் நடக்கத் தடுமாறுவதும் இதனால்தான். ரத்தசோகை வராமலே நரம்பு மட்டும் கெடுவதும் உண்டு. ‘ஹீமோகுளோபின் நார்மல், அதனால் பி12 பிரச்சினை இல்லை’ என்று யாராவது சொன்னால் ஏற்றுக்கொள்ள வேண்டாம்.

யாருக்கெல்லாம் குறையும்? மாமிசம், மீன், முட்டை, பால் எதுவும் சேர்க்காதவர்களுக்கு. இரைப்பை அறுவை சிகிச்சை செய்தவர்களுக்கு. சிறுகுடலின் கடைசிப் பகுதியில் நோய் உள்ளவர்களுக்கு. வயதாகி இரைப்பை அமிலம் குறைந்தவர்களுக்கு. ஓமெப்ரசோல் போன்ற அமிலம் குறைக்கும் மாத்திரையை வருடக்கணக்கில் எடுப்பவர்களுக்கு. இவர்களோடு சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் எடுப்பவர்களையும் சேர்க்க வேண்டும். அளவும் வருடமும் கூடக் கூட அந்த மருந்து பி12ஐக் குறைக்கும். பிரிட்டனின் மருந்து ஒழுங்குமுறை அமைப்பு 2022இல் இதைப் பற்றி எச்சரித்து, அறிகுறி உள்ளவர்களுக்குப் பரிசோதனை செய்யச் சொன்னது. இங்கே ஒரு பெரிய குழப்பம் நேர்கிறது. சர்க்கரைக்காரருக்குக் கால் எரிந்தால், ‘சர்க்கரையால்தான்’ என்று பேச்சு அங்கேயே முடிந்துவிடும். பாதிக் காரணம் பி12ஆக இருக்கலாம். அந்தப் பாதி சரிசெய்யக்கூடிய பாதி.

ரத்தத்தில் பி12 ஒரு மில்லிலிட்டருக்கு 200 பைகோகிராமுக்குக் கீழே என்றால் குறைவு என்று எடுத்துக்கொள்ளலாம். 200க்கும் 300க்கும் இடையில் என்றால் சந்தேகம். அப்போது மெத்தில்மலோனிக் அமிலம், ஹோமோசிஸ்டீன் என்ற துணைப் பரிசோதனைகள் உண்மையைச் சொல்லும். ஏற்கெனவே சத்து மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தால் அளவு உயர்ந்தே காட்டும். அதனால்தான் முதலில் பரிசோதனை, பிறகு மாத்திரை என்கிறேன். ஃபோலிக் அமிலத்தை மட்டும் தனியாக எடுப்பது இன்னொரு ஆபத்து. அது ரத்தசோகையைச் சரிசெய்து பி12 குறைவை மறைத்துவிடும்; நரம்பு உள்ளுக்குள் கெட்டுக்கொண்டே போகும்.

ஊசியா, மாத்திரையா? பலரும் ஊசிதான் சக்தி வாய்ந்தது என்று நினைக்கிறார்கள். பி12 வழக்கமாக இரைப்பையில் சுரக்கும் ஒரு புரதத்தின் துணையோடுதான் குடலில் உறிஞ்சப்படும். அந்தப் புரதமே இல்லாவிட்டாலும், வாயால் கொடுத்த அளவில் சுமார் 1 சதவீதம் தானாகவே உள்ளே போகும். 1,000 மைக்ரோகிராம் மாத்திரையில் ஏறக்குறைய 10 மைக்ரோகிராம். ஒரு நாளைய தேவை 2.4 தான். ஆக, உயர்ந்த அளவு மாத்திரை ரத்த அளவைத் தூக்கிவிடுவதில் ஊசிக்குப் பெரிதாகச் சளைத்ததில்லை. இருந்தாலும் நரம்பு அறிகுறி வந்துவிட்டவருக்கு முதல் சில வாரங்கள் ஊசி என்பதே என் தேர்வு. பெரும்பாலான மருத்துவர்களும் அப்படித்தான் தொடங்குகிறார்கள். காலம் கடத்தினால் திரும்பக் கிடைக்காத நரம்பு இருக்கிறது என்பதால், உறிஞ்சப்படுமா இல்லையா என்ற சந்தேகத்துக்கே இடம் வைக்கக் கூடாது. அளவு நிறைந்த பிறகு மாத்திரைக்கு மாறலாம். குடலோ இரைப்பையோ காரணமாக இருந்தால் ஏதோ ஒரு வடிவில் ஆயுள் முழுவதும் தொடர வேண்டியிருக்கும்.

பி12இன் எந்த வடிவம் நல்லது, மெத்தில்கோபாலமினா, சயனோகோபாலமினா என்ற சண்டைக்கு வருவோம். மெத்தில்தான் ‘செயலில் உள்ள வடிவம்’, நேராக நரம்புக்குப் போகும் என்று விளம்பரம் சொல்கிறது. செல்லுக்குள் நுழைந்ததும் எந்த வடிவமாக இருந்தாலும் அதில் ஒட்டியிருக்கும் பகுதி கழற்றப்பட்டு, உடம்பு தனக்கு வேண்டிய இரண்டு வடிவங்களையும் தானே செய்துகொள்கிறது. சயனோ நிலையானது, வருடக்கணக்காகப் பயன்பாட்டில் இருப்பது. ஹைட்ராக்சோ என்ற இன்னொரு வடிவத்தின் ஊசி உடம்பில் அதிக நாள் தங்கும். லெபர் என்ற அபூர்வப் பார்வை நரம்பு நோய் உள்ளவர்கள் சயனோவைத் தவிர்க்க வேண்டும். மற்றபடி எது கிடைக்கிறதோ அதை ஒழுங்காக எடுத்தால் போதும். வடிவத்தை நினைத்துக் கவலைப்பட வேண்டாம்.

பலன் எப்போது தெரியும்? நரம்பு வளரும் வேகம் நாளுக்கு ஒரு மில்லிமீட்டர் அளவுதான். குறுகுறுப்பு சில வாரங்களில் குறையலாம். முழு முன்னேற்றம் தெரிய ஆறு மாதம், ஒரு வருடம்கூட ஆகலாம். ஒரு பட்டை முடிந்ததும் ‘ஒன்றும் கேட்கவில்லை’ என்று நிறுத்துவது பி12 விஷயத்தில் பெரிய நஷ்டம்.

பி1: பழைய நாயகன், புதிய வேடம்

வைட்டமின் என்ற எண்ணமே ஒரு நரம்பு நோயிலிருந்து பிறந்தது என்பது பலருக்குத் தெரியாது. 1890களில் ஜாவா தீவில் கிறிஸ்டியான் எய்க்மான் என்ற டச்சு மருத்துவர், தீட்டிய அரிசி மட்டும் தின்ற கோழிகளுக்குக் கால் விழுந்துபோவதையும், தவிடு சேர்த்ததும் அவை எழுந்து நடப்பதையும் கண்டார். பெரிபெரி நோய்க்கான திறவுகோல் அது. 1929இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. தவிட்டில் இருந்தது பி1, அதாவது தயமின்.

உடம்பு தயமினைச் சில வாரங்களுக்கு மேல் சேமித்து வைக்காது. மது அதிகம் குடிப்பவர்கள், உடல் எடைக் குறைப்பு அறுவைக்குப் பிறகு விடாமல் வாந்தி எடுப்பவர்கள், டயாலிசிஸ் செய்பவர்கள் இவர்களுக்கு பி1 குறைவு உண்மையான ஆபத்து. இவர்கள் விஷயத்தில் ரத்த அறிக்கைக்குக் காத்திருக்காமல் மருத்துவர் உடனே தயமின் தொடங்குவது சரிதான். தாமதித்தால் மூளையும் பாதிக்கப்படும்.

சர்க்கரைக்காரர்களுக்கு விற்கப்படுவது பென்ஃபோடயமின். தயமினைவிடக் குடலில் நன்றாக உறிஞ்சப்பட்டு ரத்த அளவை வெகுவாக உயர்த்தும்படி செய்யப்பட்ட வடிவம். கேட்பதற்குப் பிரமாதமாகத்தான் இருக்கிறது. ஆய்வுகள் அவ்வளவு பிரமாதமாக இல்லை. 2008இல் வெளிவந்த ஆறு வார ஆய்வில் ஒரு அளவுகோலின்படி அறிகுறிகள் குறைந்தன, இன்னொரு அளவுகோலின்படி வித்தியாசமில்லை. 2012இல் வெளிவந்த, முதல் வகைச் சர்க்கரை நோயாளிகளிடம் நாளுக்கு 300 மில்லிகிராம் வீதம் இரண்டு வருடம் கொடுத்துப் பார்த்த ஆய்வில் நரம்பின் செயல்பாட்டில் பலனே தெரியவில்லை. பாதுகாப்பானது என்பது இதன் நல்ல பக்கம். மூன்று மாதம் முயன்று பார்க்க விரும்புகிறவரை நான் தடுக்க மாட்டேன். நம்பிச் சர்க்கரைக் கட்டுப்பாட்டைத் தளர்த்துகிறவரைத்தான் தடுப்பேன்.

பி6: இங்கேதான் கவனம்

நரம்புக்கு என்று விற்கும் கூட்டு மாத்திரைகளில் பெரும்பாலானவற்றில் பி6 இருக்கும். பைரிடாக்ஸின், பைரிடாக்சால் பாஸ்பேட் என்ற பெயர்களில் தேடுங்கள். ஒரு நாளைய தேவை 1.3 முதல் 1.7 மில்லிகிராம். இது குறைந்தாலும் நரம்பு கெடும், அதிகமானாலும் கெடும். அதிகமானால் வரும் அறிகுறி நீங்கள் எதற்காக மாத்திரை எடுக்கிறீர்களோ அதேதான்: மரப்பு, எரிச்சல், நடையில் தள்ளாட்டம்.

1983இல், நாளுக்கு 2 முதல் 6 கிராம் வரை பி6 எடுத்துக்கொண்ட ஏழு பேருக்கு உணர்வு நரம்புகள் கெட்டு நடக்கவே தடுமாறியதை மருத்துவர்கள் பதிவு செய்தார்கள். அவ்வளவு எடுத்தால்தானே என்று பல வருடம் நினைத்தார்கள். அந்த எண்ணம் மாறிவருகிறது. அமெரிக்காவில் மேல் வரம்பு இன்னும் நாளுக்கு 100 மில்லிகிராம். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2023இல் தன் வரம்பை 25இலிருந்து 12 மில்லிகிராமாக இறக்கியது. ஆஸ்திரேலியாவில் 10 மில்லிகிராமுக்கு மேல் உள்ள பொருள்களில் நரம்பு பாதிப்பு எச்சரிக்கை அச்சிட வேண்டும் என்று 2022இல் விதி வந்தது. 50க்குக் கீழே எடுத்தவர்களிடமும் பாதிப்பு பதிவானதுதான் காரணம்.

ஒரு காகிதத்தை எடுத்துக் கூட்டிப் பார்ப்போம். ‘நரம்புக் காப்ஸ்யூல்’ ஒன்றில் பைரிடாக்ஸின் 50 மில்லிகிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கால் இழுப்புக்கு என்று ராத்திரி குடிக்கும் மெக்னீசியம் பொடி. அட்டையைத் திருப்பினால் அதிலும் பி6, ஒரு 10. களைப்புக்கு மல்டிவைட்டமின், அதில் இன்னொரு 10. மொத்தம் 70. மூன்றையும் வாங்கியது மூன்று வேறு காரணங்களுக்காக, மூன்று வேறு சமயங்களில். எந்த அட்டையும் மற்ற இரண்டைப் பற்றிப் பேசாது. மருத்துவரிடம் ‘என்னென்ன மாத்திரை எடுக்கிறீர்கள்’ என்ற கேள்விக்குப் பதில் சொல்லும்போது சத்து மாத்திரையையும் பொடியையும் யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. எரிச்சல் கூடுகிறது, கூடுகிறதே என்று காப்ஸ்யூலை இரண்டாக்குகிறார்கள். இந்தச் சுழலை நினைத்தால் எனக்கு உண்மையாகவே வருத்தமாக இருக்கிறது. காரணம், இது முழுக்க முழுக்கத் தவிர்க்கக்கூடியது.

பி6 மிகையால் வந்த பாதிப்பு என்றால் நிறுத்தியதும் உடனே குறையாது. சில வாரங்கள் கூடிவிட்டுப் பிறகுதான் இறங்கும். அதைப் பார்த்துப் பயந்து மறுபடி தொடங்கிவிடக் கூடாது. பெரும்பாலானவர்களுக்கு மாதக்கணக்கில் தேறும். சிலருக்கு முழுதாகத் தேறுவதில்லை.

பி6 அவசியப்படும் இடமும் உண்டு. ஐசோனியாசிட் எடுப்பவருக்கு அந்த மருந்து பி6ஐ முடக்குவதால், நரம்பைக் காக்க மருத்துவரே 10 முதல் 50 மில்லிகிராம் வரை சேர்த்துக் கொடுப்பார். அதை இந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு நிறுத்திவிடாதீர்கள். மற்றவர்களுக்கு என் தீர்ப்பு தெளிவானது: பி12 மட்டும் தேவை என்றால் பி12 மட்டும் உள்ள மாத்திரையை வாங்குங்கள். எல்லாம் கலந்த கூட்டு மாத்திரை வேண்டாம்.

கூட்டு மாத்திரையில் இன்னொரு தொல்லை பயோட்டின் என்ற பி வகை வைட்டமின். அது நரம்புக்குக் கெடுதல் செய்வதில்லை, ஆனால் சில ரத்தப் பரிசோதனைகளைப் பொய்யாக்கும். தைராய்டு அறிக்கை மாறிப்போகலாம். மாரடைப்பைக் கண்டுபிடிக்கும் ட்ரோப்போனின் அளவு குறைத்துக் காட்டப்படலாம். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2017இல் இதைப் பற்றி எச்சரித்தது. ரத்தம் கொடுக்கப் போகும்போது பயோட்டின் எடுப்பதைச் சொல்லிவிடுங்கள்.

ஆல்ஃபா லிபோயிக் அமிலம்

இது வைட்டமின் இல்லை. உடம்பே சிறிதளவு செய்துகொள்ளும் ஒரு பொருள். ஆக்சிஜனேற்றத்தால் வரும் சேதத்தைத் தடுக்கும். ஜெர்மனியில் சர்க்கரை நரம்பு பாதிப்புக்கு மருந்தாகவே நெடுங்காலமாகப் பயன்படுகிறது. குறைவு இல்லாதவருக்கும் பலன் தரலாம் என்று சொல்லப்படுபவற்றில் அதிக ஆய்வு நடந்தது இதில்தான்.

2006இல் வெளிவந்த ஐந்து வார ஆய்வில் 600, 1,200, 1,800 மில்லிகிராம் என மூன்று அளவுகளில் கொடுத்துப் பார்த்தார்கள். அறிகுறி மதிப்பெண் மூன்று குழுவிலும் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. வெற்று மாத்திரை எடுத்த குழுவிலும் அது மூன்றில் ஒரு பங்கு குறைந்தது! அந்த இரண்டாவது தகவலை விற்பவர் யாரும் சொல்ல மாட்டார். அளவைக் கூட்டியதால் பலன் கூடவில்லை, குமட்டல்தான் கூடியது. அதனால் எடுப்பதென்றால் 600 போதும், வெறும் வயிற்றில். நான்கு வருடம் நடந்த இன்னொரு ஆய்வின் முடிவு 2011இல் வந்தது. முதன்மை இலக்கில் வெற்றி இல்லை, சில துணை அளவுகளில் சின்ன முன்னேற்றம். 2024இல் காக்ரேன் அமைப்பு கிடைத்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, ஆறு மாத அளவில் அறிகுறிகளில் பலன் ஏறக்குறைய இல்லை அல்லது மிகக் குறைவு என்று முடிவு செய்தது.

பென்ஃபோடயமினோடு ஒப்பிட்டால் லிபோயிக் அமிலத்துக்குக் குறுகிய காலச் சான்று சற்று அதிகம், பக்கவிளைவும் சற்று அதிகம். ரத்தச் சர்க்கரை இறங்கலாம் என்பதால் இன்சுலின் எடுப்பவர்கள் கவனமாக இருக்க வேண்டும். மிக அபூர்வமாகச் சிலருக்கு உடம்பு இன்சுலினுக்கு எதிராகவே எதிர்ப்பொருள் உருவாக்கி, திடீரெனச் சர்க்கரை சரிந்துவிடும். இரண்டில் ஒன்றைத்தான் முயல வேண்டும் என்றால், எரிச்சல் அதிகமுள்ள சர்க்கரைக்காரருக்கு நான் லிபோயிக் அமிலத்தைச் சொல்வேன், மூன்று மாதக் கெடுவோடு. இரண்டையும் ஒரே நாளில் தொடங்க வேண்டாம். எது கேட்டது என்று பிறகு தெரியாது.

தள்ளி வைக்கலாம் என்று நான் நினைப்பவை

அசிட்டைல் எல் கார்னிடைன் நரம்பைக் காக்கும் என்ற பேச்சு உண்டு. புற்றுநோய் மருந்து எடுப்பவர்கள் இதைத் தொடவே வேண்டாம். மார்பகப் புற்றுநோய்ச் சிகிச்சையில் இருந்த 409 பெண்களிடம் நடந்து 2013இல் வெளிவந்த ஆய்வில், நரம்பைக் காக்க என்று கொடுத்த இந்தப் பொருள் நரம்பு பாதிப்பை அதிகமாக்கியது. நல்லது செய்யும் என்று எதிர்பார்த்து வைத்த சோதனை இது.

வைட்டமின் ஈ குறைந்தால் நரம்பு கெடும்தான். ஆனால் கொழுப்பை உறிஞ்ச முடியாத குடல் நோயோ பரம்பரைக் கோளாறோ இல்லாதவருக்கு அது குறைவதில்லை. நாளுக்கு 400 அலகு எடுத்த ஆண்களிடம் புராஸ்டேட் புற்றுநோய் 17 சதவீதம் கூடியதாக 2011இல் ஒரு பெரிய ஆய்வு சொன்னது. ரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவருக்கு ரத்தக்கசிவு ஆபத்தும் உண்டு. வைட்டமின் டி குறைந்திருந்தால் எலும்புக்காகச் சரிசெய்யுங்கள். நரம்பு எரிச்சலுக்கு மருந்தாக எண்ணி அல்ல.

துத்தநாகத்தைப் பற்றி ஒரு வார்த்தை. எதிர்ப்புச் சக்திக்கு என்று அதிக அளவில் மாதக்கணக்கில் எடுத்தால் உடம்பில் தாமிரம் குறையும். தாமிரம் குறைந்தால் பி12 குறைவைப் போலவே தண்டுவடமும் நரம்பும் கெடும். பி12 சரியாக இருந்தும் தள்ளாட்டம் இருந்தால், துத்தநாக மாத்திரை இருக்கிறதா என்று பாருங்கள்.

வலி மாத்திரையா, வைட்டமினா

‘வலி மாத்திரை நோயைக் குணப்படுத்தாது, அதனால் வைட்டமினே போதும்’ என்று பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். இரண்டுக்கும் வேலை வேறு. பிரிகாபலின், காபாபென்டின், டுலோக்செட்டின், அமிட்ரிப்டிலின் இவை நரம்பைச் சரிசெய்யாது. வலி மூளைக்குப் போகும் வழியை அடக்கும். எரிச்சலோடு தூங்க முடியாதவருக்கு அதுவே பெரிய விஷயம். 2015இல் வெளிவந்த ஒரு தொகுப்பாய்வின்படி, ஒருவருக்கு வலி பாதியாகக் குறைய, அமிட்ரிப்டிலின் வகையை ஏறக்குறைய நான்கு பேருக்கும், டுலோக்செட்டின் வகையை ஆறு பேருக்கும், பிரிகாபலினை எட்டுப் பேருக்கும் கொடுக்க வேண்டும். அதாவது எல்லாருக்கும் கேட்காது. ஆனால் இப்படிக் கணக்குச் சொல்லக்கூட வைட்டமின்களுக்கு இவ்வளவு சான்று இல்லை.

தேர்வு பக்கவிளைவைப் பொறுத்தது. அமிட்ரிப்டிலின் தூக்கம் தரும்; ஆனால் இதயத் துடிப்புக் கோளாறு, கண் அழுத்தம், புராஸ்டேட் வீக்கம் உள்ள வயதானவர்களுக்கு ஒத்துவராது. பிரிகாபலினில் தலைசுற்றல், கால் வீக்கம், எடை கூடுதல்; சிறுநீரகம் பலவீனமானால் அளவைக் குறைக்க வேண்டும். டுலோக்செட்டினில் குமட்டல், கல்லீரல் நோய் இருந்தால் வேண்டாம். புற்றுநோய் மருந்தால் வந்த வலிக்குச் சான்று உள்ளது டுலோக்செட்டினுக்குத்தான். எதையும் திடீரென்று நிறுத்தக் கூடாது.

சர்க்கரைக் கட்டுப்பாடு இந்த எல்லா மாத்திரைகளுக்கும் மேலே நிற்கிறது. முதல் வகைச் சர்க்கரை நோயாளிகளிடம் நடந்து 1993இல் முடிவு வெளியான புகழ்பெற்ற ஆய்வில், கண்டிப்பான கட்டுப்பாடு நரம்பு பாதிப்பு வருவதை 60 சதவீதம் குறைத்தது. இரண்டாம் வகையில் பலன் அதைவிடக் குறைவு என்றாலும் உண்டு. ஒன்று மட்டும்: பல வருடம் எகிறியிருந்த சர்க்கரையைச் சில வாரங்களில் அடியோடு இறக்கினால் அதனாலேயே கடும் வலி வரலாம். படிப்படியாக இறக்குங்கள்.

யாருக்கு எது

மெட்ஃபார்மின் எடுக்கும் சர்க்கரைக்காரர் முதலில் பி12 பார்க்கட்டும். குறைவென்றால் பி12, இல்லையென்றால் சர்க்கரைக் கட்டுப்பாடும் தேவைக்கு வலி மாத்திரையும், ஆசைப்பட்டால் மூன்று மாதம் லிபோயிக் அமிலமும். மாமிசம் சேர்க்காதவருக்கும் முதியவருக்கும் பி12 மாத்திரை மலிவான, பயமில்லாத காப்பு; அறிகுறி வந்துவிட்டால் ஊசியில் தொடங்கலாம். மது காரணமென்றால் தயமினோடு மதுவை நிறுத்துவதும் சேர்ந்தால்தான் பலன். எடைக்குறைப்பு அறுவை செய்தவருக்கு பி12, பி1, தாமிரம் மூன்றையும் ஆயுள் முழுக்கக் கண்காணிக்க வேண்டும். புற்றுநோய்ச் சிகிச்சையில் இருப்பவர், சிகிச்சை தரும் மருத்துவரைக் கேட்காமல் எந்தச் சத்து மாத்திரையும் எடுக்க வேண்டாம். எல்லாப் பரிசோதனையும் செய்து காரணமே தெரியாதவர்கள் கணிசமாக இருக்கிறார்கள். அவர்களுக்கு நான் சொல்வது நடைப்பயிற்சி, சமநிலைப் பயிற்சி, வலிக்கு மருந்து, அப்புறம் ஒரு வருடம் கழித்து மறுபடி ஒரு பரிசோதனை.

எதை முயன்றாலும் ஒரு நேரத்தில் ஒன்று. தொடங்கும் முன் எரிச்சலுக்கு பத்துக்கு எத்தனை, ராத்திரி எத்தனை முறை விழிப்பு, மரப்பு கணுக்காலுக்கு எவ்வளவு மேலே என்று எழுதிவையுங்கள். மூன்று மாதம் கழித்து அதே மூன்று கேள்விக்கு மறுபடி எழுதுங்கள். மாறவில்லை என்றால் நிறுத்துங்கள்.

எழுதியதைப் படிக்கும்போது ஒரு எச்சரிக்கை. எரிச்சல் குறைந்துவிட்டது என்றால் நரம்பு தேறுகிறது என்றும் இருக்கலாம், நரம்பு முற்றிலும் செத்து உணர்வே போய்விட்டது என்றும் இருக்கலாம். இரண்டையும் வலி மதிப்பெண் ஒரே மாதிரிதான் காட்டும். வித்தியாசம் தெரிய மருத்துவரிடம் ஐந்து நிமிடச் சோதனை போதும். 128 ஹெர்ட்ஸ் அதிர்வுக் கவையைத் தட்டிக் கால் பெருவிரல் எலும்பில் வைப்பார்; அதிர்வு எப்போது நின்றது என்று நீங்கள் சொல்ல வேண்டும். பிறகு 10 கிராம் அழுத்தம் தரும் நைலான் இழையால் பாதத்தில் சில இடங்களைத் தொடுவார். கண்ணை மூடிக்கொண்டு எங்கே தொட்டார் என்று சொல்ல வேண்டும். முன்பு தெரிந்த இடம் இப்போது தெரியவில்லை என்றால், எரிச்சல் குறைந்ததை நல்ல செய்தியாக எடுத்துக்கொள்ள முடியாது. அன்றிலிருந்து தினமும் ராத்திரி உள்ளங்காலைக் கண்ணாடி வைத்துப் பார்க்க வேண்டும். செருப்பு, ஷூ போடும் முன் உள்ளே கைவிட்டுத் தடவ வேண்டும். வெந்நீரில் கால் வைக்கும் முன் முழங்கையால் சூடு பார்க்க வேண்டும். கொப்புளம் சின்னதாக இருந்தாலும் அன்றே மருத்துவரிடம் காட்டிவிட வேண்டும்.